முத்திரைக் காகம்

ஒரு காட்டில் மாமிசம் முழுவதும் அரண்மனைக்கே என்று சிங்கராஜா ஆணை போட்டுவிட்டதால், மற்ற மிருகங்கள் எல்லாம் ஒரே நாளில் சைவமாகிவிட்டன. புலி கீரைக்கு மாறியது. ஓநாய் மோர்சாதத்துக்கு மாறியது. நல்லதம்பி என்ற நரி மட்டும் கொஞ்சம் யோசித்துப் பார்த்து, ஆலமரத்தடியில் ஓர் உயர்தர சைவ மெஸ் திறந்தது. தான் மட்டும் அங்கே சாப்பிடாது. அதற்கு வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் தனியாகச் சோறு வரும். முதலாளிகள் அப்படித்தான் என்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தக் காட்டில் பந்திக்கு ஒரு முறை இருந்தது. சமையல் முடிந்ததும் முதல் கவளத்தை எடுத்துப் பாறைமேல் வைத்து, "கா... கா..." என்று கூப்பிட வேண்டும். சடையன் என்ற காகம் பறந்து வந்து அதைத் தின்னும். தின்றுவிட்டு ஒரு தடவை கரையும். அந்தச் சத்தம் காதில் விழுந்த பிறகுதான் மான்கள் இலையில் வாய் வைக்கும்.

"காக்கா வாய் வச்சாச்சா?" என்று ஒரு மான் கேட்கும்.

"வச்சாச்சு, கத்தியாச்சு" என்று பக்கத்து இலை பதில் சொல்லும்.

அந்தக் காட்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் அவ்வளவுதான். உட்பிரிவு கிடையாது, அதிகாரி கிடையாது, ஜீப் கிடையாது. சடையனின் அப்பா இந்த வேலையில்தான் ஒரு காளான் குழம்பைத் தின்று போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து அந்தக் காளானைக் காட்டில் எவரும் தொடுவதில்லை. காகக் குடும்பத்துக்கு அதில் பெருமை, கூடவே வேளை தவறாமல் சோறு.

ஒருநாள் மெஸ்ஸில் எலுமிச்சைச் சோறு. மஞ்சள் என்றால் அப்படியொரு மஞ்சள். தூரத்திலிருந்து பார்த்தாலே கண் கூசியது. சடையன் ஒரு கவளம் தின்றது. கரைவதற்கு வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. பாறையிலிருந்து உருண்டு கீழே விழுந்துவிட்டது. மான்கள் இலையை மடக்கிவிட்டு எழுந்தன. அன்று காட்டில் செத்தது சடையன் ஒன்றுதான்.

சடையனின் மனைவி முத்துக்கருப்பி மெஸ் வாசலில் போய் நின்றது. கூட்டில் இரண்டு குஞ்சுகள். சடையனுக்குப் பிறகு அந்தப் பாறையில் உட்காரப் போவது அவைதான்.

"அண்ணாச்சி, சோத்துல என்ன போட்டீங்க?"

"எலுமிச்சம்பழம் போட்டேன், கடுகு போட்டேன், பாசத்தைப் போட்டேன். வேற என்னத்தைப் போடப் போறேன் தங்கச்சி?"

"எலுமிச்சம்பழம் இப்படிப் பளபளன்னு இருக்காதே."

"நீ துக்கத்துல இருக்கே. துக்கத்துல பார்த்தா எல்லாம் பளபளன்னுதான் இருக்கும். அவனுக்கு நெஞ்சுவலிம்மா. ரொம்ப நாளா இருந்திருக்கு, வெளியே சொல்லலை."

அடுக்களைக்குப் பின்னால் ஒரு மூட்டை கிடந்தது. ஊர்ப்பக்கத்தில் துணிக்குச் சாயம் ஏற்றுகிற பொடி. மூட்டையின் வாய் மஞ்சளாக இருந்தது. கருப்பி அதைப் பார்த்தது. கருப்பி பார்த்ததை நரியும் பார்த்தது. மூட்டைமேல் ஒரு கோணியைப் போட்டு மூடிவிட்டு, "வேற எதாவது உதவி வேணும்னா கூச்சப்படாம கேளு" என்றது.

ஒரு காகம் செத்தால் மற்ற காகங்கள் சும்மா இருக்குமா? அத்தனையும் திரண்டு போய்ச் சிங்கராஜாவின் குகைக்கு மேலே இருந்த மரத்தில் உட்கார்ந்து கத்தின. அந்தச் சாயப்பொடியைத் தூக்கி எறிய வேண்டும், கேட்டது இது ஒன்றுதான். ஆனால் அதையே விடாமல் கத்தின. ராஜாவுக்கு மத்தியானத் தூக்கம் போய்விட்டது. உணவுத்துறை அமைச்சரான கரடியைக் கூப்பிட்டுவிட்டது.

"உடனே ஒரு சட்டம் போடுய்யா."

"எதுக்கு மகாராஜா? பொடிக்கா?"

"பொடியா? எந்தப் பொடி? கத்தலுக்குய்யா!"

இப்படித்தான் எழுத்தில் வந்த அந்தக் காட்டின் முதல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிள்ளையார் சுழி போடப்பட்டது. முதலில் குழு ஒன்று அமைத்தார்கள். ஓய்வுபெற்ற ஆமை தலைவர். உணவுத் தொழிலைப் பற்றித் தெரிந்தவர் ஒருவர் வேண்டும் என்பதால் நல்லதம்பி உறுப்பினர். சாப்பிடுகிறவர்கள் சார்பில் மலைப்பாம்பு. அது எதையும் ருசி பார்க்காமல் முழுசாக விழுங்குவதால் பாரபட்சம் இருக்காது என்று அமைச்சர் விளக்கம் சொன்னார். காகங்களைச் சேர்க்கவில்லை. பறிகொடுத்தவர்கள் உணர்ச்சிவசப்படுவார்களாம்.

கருப்பியைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். அதுவரைக்கும் விட்டார்களே என்று கருப்பி சந்தோஷமாகவே போனது.

ஆமை கழுத்தை மெல்ல வெளியே நீட்டியது. "உங்க வீட்டுக்காரர் சாப்பிடறதுக்கு முன்னாடி உயிரோட இருந்தாரா?"

"இருந்தாருங்க."

"அதுக்கு ஏதாவது அத்தாட்சி?"

"அவரே பறந்து வந்துதானேங்க சாப்பிட்டார்!"

"அது சரி. இப்ப அவர் வந்து அதைச் சொல்லுவாரா?"

"சாட்சி மௌனம்" என்று எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு ஆமை கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டது.

சாயப்பொடியையும் சோதித்தார்கள். யாருக்கும் அநியாயம் நடந்துவிடக் கூடாது என்று, காட்டிலுள்ள யானை முதல் எலி வரைக்கும் எல்லாருடைய எடையையும் கூட்டிச் சராசரி பார்த்தார்கள். சராசரி மிருகம் ஒன்று பெரிய எருமைக்கடா அளவுக்கு வந்தது. அந்த அளவில் ஓர் எருமைக்கடாவைப் பிடித்து வந்து பொடி போட்ட சோற்றைக் கொடுத்தார்கள்; பொடி அதை ஒன்றும் செய்யவில்லை. உப்பு கொஞ்சம் குறைச்சல் என்று மட்டும் சொன்னது. ஆகவே எருமைக்கடா தாங்கும் அளவே அனுமதிக்கப்பட்ட அளவு என்றும், சராசரிக்குக் கீழே இருப்பவர்கள் சாப்பிட்டு உடம்பை ஏற்றிக்கொள்வது அவரவர் பொறுப்பு என்றும் முடிவாயிற்று.

சட்டம் வந்தது. காட்டு எல்லையில் நெல்லிக்காய் விற்றுக்கொண்டிருந்த அணில், தலையில் தொப்பி இல்லாத குற்றத்துக்காகக் கடையைக் கட்டியது. பந்தி நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் காகங்கள் வரக் கூடாது என்றும் ஒரு பிரிவு இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் கண்ணெதிரே செத்து விழுவது மற்றவர்களுக்குப் பீதியை உண்டாக்குகிறது, சாப்பாடும் வீணாகிறது என்று அதற்குக் காரணம் எழுதியிருந்தார்கள்.

காகங்கள் மறுபடியும் மரத்தில் கூடுவதற்குள் கரடி ஒரு காரியம் செய்தது. கருப்பியைக் கூப்பிட்டு, தொப்பியும் முத்திரையும் கொடுத்து, உணவுப் பாதுகாப்பு அதிகாரி ஆக்கிவிட்டது.

"உன் முத்திரை இல்லாம இனிமே எவனும் ஒரு பருக்கை விக்க முடியாதும்மா" என்றது கரடி.

மற்ற காகங்களுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நம்ம வீட்டுப் பெண் அதிகாரி ஆகிவிட்டது, இனி எதற்குக் கத்த வேண்டும்? கருப்பிக்கும் நம்பிக்கை வந்தது. தொப்பியைப் போட்டுக்கொண்டு முதல் வேலையாக அந்தக் கோணியைத் தூக்கிப் பார்க்கத்தான் மெஸ்ஸுக்குப் பறந்தது. வாசலிலேயே நல்லதம்பி கும்பிட்டு நிறுத்தியது.

"அதிகாரிங்கிற முறையில நீங்க தாராளமா உள்ளே வரலாம். காகங்கிற முறையில வரக் கூடாதுன்னு சட்டம் இருக்கே. நான் எழுதலை, குழு எழுதினது."

"நீங்கதானே குழு?"

"அங்கே நான் உறுப்பினர். இங்கே வெறும் குடிமகன். எனக்கு என்ன அதிகாரம் இருக்கு? நீங்க ஆபீசுக்குப் போங்க, மாதிரிச் சோறு பின்னாலேயே வரும்."

வந்தது. கருப்பி ஒரு கவளம் தின்றுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தது. ஒன்றும் ஆகவில்லை. சொல்லப்போனால் ருசி அமர்க்களமாக இருந்தது. எலுமிச்சை வாசம் மூக்கில் ஏறியது. கருப்பி நேர்மையான அதிகாரி. நல்ல சோற்றைக் கெட்ட சோறு என்று எழுத மனசு வரவில்லை. ஒருவேளை நரி திருந்திவிட்டதோ என்னவோ. ஒரு தடவை கரைந்துவிட்டு முத்திரையைக் கொடுத்தனுப்பியது. சோறு நல்லதம்பி வீட்டுத் தூக்குச்சட்டியில் வந்திருக்கிறதே என்பது, சட்டியைக் கழுவித் திருப்பி அனுப்பிய பிறகுதான் உறைத்தது. கொடுத்த முத்திரையைத் திரும்ப வாங்கச் சட்டத்தில் பிரிவும் இல்லை. வயிறு எரிந்தது. அது சோற்றினால் இல்லை.

மறுநாள் முதல் மெஸ்ஸின் ஒவ்வொரு வாழையிலை நுனியிலும் முத்திரை விழுந்தது. முத்திரையில் ஒரு காகத்தின் படம். தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு, அச்சு அசல் சடையன்.

"குழுவில நான்தான் இந்தப் படத்தைப் போடச் சொன்னேன். ஒரு ஞாபகார்த்தம் வேண்டாமா? அவன் எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி" என்று எல்லாரிடமும் சொல்லி நல்லதம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டது.

மான்கள் வழக்கத்தை விடவில்லை. "காக்கா வாய் வச்சாச்சா?" என்று ஒன்று கேட்கும். "இலையிலேயே இருக்கே" என்று இன்னொன்று சொல்லும். வியாபாரம் பிய்த்துக்கொண்டு போயிற்று.

பிறகு முயல் குட்டிகள் ஒவ்வொன்றாகச் சுருண்டு படுத்தன. சராசரிக்குக் கீழே இருந்ததால் அதைப் பற்றிச் செய்ய ஒன்றுமில்லை என்று துறை சொல்லிவிட்டது. கருப்பி அனுப்பிய புகார்கள் முறைப்படி சம்பந்தப்பட்ட அதிகாரிக்கே அனுப்பப்பட்டன. சம்பந்தப்பட்ட அதிகாரி கருப்பிதான். தன் புகார் தன்னிடமே திரும்பி வந்த அன்று கருப்பி தொப்பியைக் கழற்றி வைத்தது. கூட்டுக்குப் போய்க் குஞ்சுகளின் தலையைக் கோதிவிட்டது.

"நான் கத்துறேனான்னு கேட்டுக்கிட்டே இருங்க. கத்தலைன்னா, அந்தப் பக்கமே போகாதீங்க" என்றது.

மெஸ்ஸில் பந்தி நிறைந்திருந்தது. கருப்பி தாழப் பறந்து வந்து, ஓர் இலையிலிருந்து ஒரு கவளம் மஞ்சள் சோற்றைக் கொத்திக்கொண்டு போய்ப் பாறைமேல் உட்கார்ந்தது. எல்லாரும் பார்க்கும்படி தின்றது. மான்கள் தலையைத் தூக்கின. கூட்டில் இரண்டு குஞ்சுகளும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டன.

கருப்பி வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை.

பாறையிலிருந்து உருண்டு, சடையன் விழுந்த இடத்திலேயே விழுந்தது.

"தடை செய்யப்பட்ட பகுதி! பணி நேரத்தில் சாப்பாடு வேற! இதுக்கெல்லாம் கண்டிப்பா விசாரணை உண்டு" என்றது நல்லதம்பி.

மான்கள் பாறையைப் பார்த்தன. கீழே கிடந்த காகத்தைப் பார்த்தன. பிறகு குனிந்து தங்கள் இலைகளைப் பார்த்தன. இலையில் இருந்த காகம் தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு சௌக்கியமாக இருந்தது.

மான்கள் சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தன. ஒன்று மறுசோறு கேட்டது.

நீதி: உணவைச் சோதிக்க உயிருள்ள காகத்தை நம்பக் கூடாது, அது செத்துத் தொலைக்கும். முத்திரையில் உள்ள காகத்தையே நம்ப வேண்டும். அதற்கு இதுவரை எந்தச் சாப்பாடும் ஒத்துக்கொள்ளாமல் போனதில்லை.