நாவலூர்ச் சுவரில் ஓர் ஆணி

கிழக்குத் தாம்பரம்,
ஞாயிறு மத்தியானம்

கர்த்தருக்குள் அன்பான தம்பி சுந்தர்சிங்குக்கு, அக்கா சரோஜினி எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர இங்கே யாவரும் சுகம். போனில் சொன்னால் பாதியிலேயே "அப்புறம் கூப்பிடறேன்க்கா" என்பாய், ஆகவே கடிதம்.

ரிட்டயரான பிறகு சும்மா உட்காராதே என்று நீதானே சொன்னாய்? எதிர்வீட்டு ஜெயஸ்ரீயிடம் ஒரு வகுப்பில் சேர்ந்துவிட்டேன். நல்ல வாசகம் ஒன்றை பிரஷ் பேனாவால் அழகாக எழுதி, பிரேம் போட்டு மாட்டுகிற கலை. பென்சிலில் லேசாகக் கோடு போட வேண்டும், கை கீழே இறங்கும்போது அழுத்த வேண்டும், மேலே ஏறும்போது மெதுவாக இழுக்க வேண்டும், அவ்வளவுதான் பாடம். "ஏறும்போதும் அழுத்துறீங்க ஆன்ட்டி" என்று அந்தப் பெண் ஓயாமல் சொல்லும். காலமெல்லாம் கணக்கு டீச்சராக இருந்தவள் திடீரென்று மென்மைக்கு எங்கே போவேன்? ஆனாலும் 'அ' முதன்முதலாக ஒழுங்காக வளைந்த அன்று சந்தோஷத்தில் எனக்கு இரண்டு தோசை கூடுதலாக இறங்கியது.

நேற்று நாவலூரில் நம் ஜோவிதாவின் புது ஃபிளாட்டுக்குப் பிரதிஷ்டை ஜெபம். நீதான் வரவில்லை. "உட்காருங்கள், சாப்பிட்டுவிட்டுப் போகலாம்" என்று எழுதி ஹாலில் மாட்ட ஆசைப்பட்டேன். அவளோ, "சுவத்துல ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது, கிச்சன் ஷெல்ஃபுல வேணா சாய்ச்சு வைம்மா" என்றுவிட்டாள். சிங்கப்பெருமாள் கோவிலில் நீ கட்டுகிற வீட்டுக்கும் இதே சட்டம்தானாமே. பெற்ற மகள் வீட்டு ஹாலில் எனக்கு ஒரு சாண் இடம் கிடையாதா தம்பி?

பஸ் நெரிசலில் பிரேம் தப்பித்து, சுருட்டி வைத்திருந்த தாள் மட்டும் அப்பளமாக நொறுங்க, அங்கே போய் மறுபடி எழுத உட்காரலாமென்றால், உட்கார ஏது? நாற்காலி, மேஜை எல்லாம் திங்கட்கிழமைதான் வருகிறதாம், தரையில் வேறு ஈரம். வேறு வழியில்லாமல் ஹால் சுவரிலேயே தாளை ஒட்டி, நின்றபடி எழுதினேன் தம்பி, என்ன வளைவு, என்ன நெளிவு, நானா எழுதினேன் என்று எனக்கே சந்தேகம். மகளைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று தாளை எடுத்தேன். அவள் தாளைப் பார்க்கவே இல்லை.

"அம்மா, சுவத்துல என்னது?"

மை ஊறி, நான் அழுத்திய இடமெல்லாம் அச்சுப்போல இறங்கியிருந்தது. மாப்பிள்ளை ஜெர்சன் ஈரத்துணியால் துடைக்கத் துடைக்க, 'உட்காருங்கள்' பெரிதாகிக்கொண்டே போனது. அந்த நேரம் பார்த்து, போதகர் தெருமுனைக்கு வந்துவிட்டார் என்று கீழேயிருந்து போன். ஜோவிதாவே பக்கத்து வீட்டுப் பூவராகன் சாரிடம் ஓடி டிரில்லிங் மெஷின் வாங்கி வந்தாள், அவளே துளை போட்டாள், அவளே ஆணி அடித்தாள், அவளே கறையை மறைத்து என் பிரேமை மாட்டினாள். நான் தண்ணீர்கூட எடுத்துக் கொடுக்கவில்லை.

போதகர் வாசித்துவிட்டு, "உக்காரச் சொல்லிட்டீங்க, உக்காந்துட வேண்டியதுதான்" என்று பாயில் அமர்ந்து, இருந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். ஹாலின் நட்டநடுவில் என் எழுத்து. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், கண் நிறைந்துவிட்டது தம்பி.

இனி அந்தப் பேனாவைத் தொடமாட்டேன் என்று ஜோவிதா என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள். நானும் மனதார மூட்டைகட்டிப் பரண்மேல் போட்டுவிட்டேன். உனக்கும் உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஆண்டவர் நல்ல சுகமும், அக்காவை வந்து பார்க்கும் எண்ணமும் தருவாராக.

இப்படிக்கு,
அன்பு அக்கா
சரோஜினி

பி.கு.: தாளுக்கு அடியில் தடிமனான அட்டை வைக்காவிட்டால் மை ஊறும் என்பது ஜெயஸ்ரீ நடத்திய முதல் பாடம். உன் வீட்டுப் பிரதிஷ்டைக்கு முந்தின நாளே வந்துவிடுகிறேன். அதுவரை மேஜை எதுவும் வாங்கிவிடாதே.