எமன் வாசலின் சாவி

இரும்புலியூரில் எங்கள் மொட்டைமாடிக்கு நேர் எதிரே, ஜி.எஸ்.டி. ரோட்டை முறைத்துக்கொண்டு நிற்கிறது சாகரம் டவர்ஸ். பதினோரு மாடி, முழுக்கக் கண்ணாடி. உள்ளே இருப்பவர்கள் அமெரிக்காக்காரனின் தீ விபத்து இன்சூரன்ஸைச் சரிபார்க்கிறவர்கள். எவன் வீடு எதனால் எரியும், எரிந்தால் என்ன நஷ்டம் என்று கடல் தாண்டி இருப்பவனுக்குப் புட்டுப் புட்டு வைக்கும் கெட்டிக்காரர்கள். அப்பேர்ப்பட்டவர்கள்தான் செவ்வாய்க்கிழமை தவறாமல் கார் பார்க்கிங்கில் வரிசைகட்டி நின்று கையை நீட்டினார்கள்.

எதற்கு? கயிறு கட்டிக்கொள்ள.

ஏதோ கறுப்புக் கயிறு என்று நினைத்துவிடாதீர்கள். தீக்கட்டுக் கயிறு! தீக்கட்டுச் சித்தர் தம் திருக்கையால் மந்திரித்துத் தருவது. மணிக்கட்டில் கட்டினால் ஆளைத் தீ தொடாது; மாசா மாசம் காசு கொடுத்துப் புதுசு கட்டிக்கொள்ளவேண்டும், அவ்வளவுதான். மாடியைச் சுற்றிக் கட்டினால் மாடிக்குள் புகை நுழையாது. சந்தேகப் பிராணிகளுக்கு அங்கேயே நிரூபணமும் உண்டு. சித்தர் கயிற்றைத் தூக்கிப் பிடித்து, அடியில் லைட்டரைக் காட்டுவார். கயிறு கறுக்கும், பற்றாது. "ஆ!" என்பார்கள் எம்.பி.ஏ.க்கள். "அம்மாடி!" என்பார்கள் என்ஜினீயர்கள்.

பேர் பரவிவிட்டது. வண்டலூரிலிருந்து ஒரு பள்ளித் தாளாளர் கார் போட்டுக்கொண்டு வந்தார். சிட்லபாக்கத்து ரிட்டையர்டு ஆசாமிகள் ஏரிக்கரை வாக்கிங்கை இந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள். திருநீறு பூசாதவர்களுக்கு என்ன வழி என்று கவலை வேண்டாம். சித்தர் பரந்த மனசுக்காரர். கிறிஸ்தவர்களுக்கு வெள்ளைக் கயிறு. மந்திரத்துக்குப் பதில் பைபிளிலிருந்து சங்கீத வசனம். ஞாயிற்றுக்கிழமை முதல் பெஞ்சில் உட்காரும் ஜாய்சன்கூட வலது கையில் பைபிளும் இடது கையில் வெள்ளைக் கயிறுமாகத்தான் திரிந்தான். இரண்டு பக்கமும் பாலிசி எடுத்து வைத்திருந்தான், இன்சூரன்ஸ்காரன் அல்லவா!

எப்படி ஆரம்பித்தது இந்தக் கூத்து? எங்கேயோ ஒரு ஊரில் ஒரு ஆபீஸ் கட்டடம் எரிந்ததை எல்லோரும் போனில் பார்த்தார்கள். பயந்தார்கள். அவசரத்தில் எப்படி வெளியேறுவது என்று ஒரு ஒத்திகை வைத்தார்கள். மணி அடித்தது. பாதிப்பேர் டீ நேரம் என்று நினைத்தார்கள். மீதிப்பேர் லிஃப்டுக்குக் காத்திருந்தார்கள். படியில் இறங்கிய சிலர் நேராக எதிர்க்கடைக்குப் போய் வாழைக்காய் பஜ்ஜி தின்றார்கள். அடுத்த ஒத்திகைக்குத் தேதி குறிக்கக் கட்டட மேனேஜர் பட்டாபிராமனுக்குத் துணிச்சல் வரவில்லை. ஆயிரம் பேரைப் படியில் இறக்கிப் பழக்குவதைவிட ஒருவரைக் கூப்பிட்டு மந்திரம் சொல்ல வைப்பது சுலபம் இல்லையா? கூப்பிட்டார்.

சித்தர் வந்தார். மாடி மாடியாக ஏறினார், அதாவது லிஃப்டில். கூரையில் சிவப்பாக மினுக்கும் புகை அலாரங்களைப் பார்த்து, "இத்தனை கொள்ளிக்கண்ணா!" என்று அதிர்ந்தார். எல்லாவற்றுக்கும் மஞ்சள் துணி சுற்றிக் கட்டியாயிற்று. அவருடைய சாம்பிராணிப் புகைக்கு அவை ஓயாமல் கத்திக்கொண்டிருந்தன என்பது வேறு விஷயம். தண்ணீர் பீய்ச்சும் குழாயில் திருஷ்டிப் பூசணிக்காய் தொங்கியது. அவசரத்தில் எல்லோரும் வந்து கூடவேண்டும் என்று பச்சை போர்டு வைத்த இடத்தில் சித்தரின் நாற்காலி வந்து கூடியது.

கடைசியாக ஒன்பதாவது மாடி. தெற்கு மூலையில் படிக்கட்டுக் கதவு.

"தெற்கு எமன் திசை. இது எமன் வாசல்! இதை மூடாமல் நீங்கள் உயிரோடு இருப்பதே பெரிசு."

பூட்டினார். சாவியைக் கோவளம் கடலில் போட்டு, எமனுக்கே கிடைக்காமல் செய்துவிட்டதாக அறிவித்தார். கைதட்டினார்கள்.

கைதட்டாத ஒரே ஆள் ஹெப்சி. எங்கள் மாடிப் போர்ஷனில் குடியிருப்பவள். காலேஜ் படிக்கும்போது ஸ்கூட்டர் விபத்து; இடது கால் மடங்காது, ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாது. ஒன்பதாவது மாடியில் அந்தத் தெற்குக் கதவுக்குப் பக்கத்தில் இடம் கேட்டு வாங்கியவள். ஆபத்து என்றால் நாலு எட்டில் படிக்கட்டு. வடக்குப் படிக்கட்டு மறு கோடியில் இருக்கிறது. ஓடுகிற கூட்டத்தில் அவள் அங்கே போய்ச் சேருவது நடக்கிற காரியமா?

"உனக்கு ஒண்ணும் தரலையாடி அந்தச் சாமி?" என்று கேட்டேன்.

"தந்தாரேக்கா, ஸ்பெஷல் கயிறு. எனக்கு மட்டும் ரெட்டை முடிச்சு. மத்தவங்க ஓடுவாங்க. நான் முடிச்சைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கணும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் இரவு விளக்கு அணையவில்லை. மேலே ஊன்றுகோல் சத்தம் அங்கும் இங்கும் போய்க்கொண்டே இருந்தது. கீழே படுத்திருப்பவளுக்குத் தெரியாதா?

அந்தச் சமயத்தில்தான் பாதுகாப்பு அதிகாரியாக ஹில்டா வந்து சேர்ந்தாள். கிழக்குத் தாம்பரத்து டீச்சர் வீட்டுப் பெண். பார்த்தால் சாது. வாயைத் திறந்தால்தான் தெரியும்.

"சார், தெற்குப் படிக்கட்டைத் திறக்கணும்," என்றாள் பட்டாபிராமனிடம்.

"சாவி கடல்ல இருக்கேம்மா."

"பூட்டை உடைச்சிடலாம்."

"உடைச்சா எமன் உள்ள வந்துடுவானாமே."

"எமனுக்குப் பூட்டுன்னா பயமா சார்?"

பட்டாபிராமன் யோசித்தார். பழக்கமில்லாததால் தலை வலித்திருக்கவேண்டும். "அதெல்லாம் கேக்கக் கூடாதும்மா," என்று எழுந்து போய்விட்டார்.

ஹில்டா அடுத்த செவ்வாய்க்கிழமை வரிசையில் போய் நின்றாள். தன் முறை வந்ததும் கையை நீட்டவில்லை.

"சாமி, ஒன்பதாவது மாடியில கயிறு கட்டியிருக்கீங்க. புகை உள்ள வராதுங்கறீங்க. சனிக்கிழமை புகை போட்டுப் பார்ப்போமா? வரலைன்னா நான் வேலையை விட்டுட்டுப் போயிடறேன். வந்துச்சுன்னா எமன் வாசலைத் திறந்துடணும்."

சித்தர் வரிசையைப் பார்த்தார். நீட்டிய கைகள் எல்லாம் நீட்டியபடி நின்றன. மாட்டேன் என்றால் அந்தக் கைகள் பாக்கெட்டுக்குத் திரும்பிவிடும்.

"நடக்கட்டும், குழந்தே," என்றார்.

சனிக்கிழமை நானும் போனேன். சும்மா இல்லை, ஹெப்சி மறந்துவிட்டுப் போன டிபன் பாக்ஸைக் கொடுக்க. அவள் மறக்கவில்லை, நான்தான் எடுத்து ஒளித்து வைத்தேன் என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

ஒன்பதாவது மாடியில் தேர்த்திருவிழாக் கூட்டம். லிஃப்ட் பக்கம் தூணுக்குத் தூண் கயிறு. கயிற்றுக்கு உள்ளே புலித்தோல் மாதிரி அச்சடித்த போர்வையில் சித்தர். அவருக்கு முன்னால் சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தது. வெளியே ஹில்டா, பக்கத்தில் பென்னி. கல்யாண மண்டபங்களில் மணமக்கள் நடந்து வரும்போது காலடியில் வெள்ளைப் புகை விடுவார்களே, அந்த மெஷின்காரன்.

"பொண்ணு மாப்ள எங்கக்கா கீறாங்க? எந்தப் பக்கமா வர்றாங்க?" என்று கேட்டுக்கொண்டே மெஷினை இறக்கியவன், சித்தரைப் பார்த்து வாயைப் பிளந்தான்.

"ரத்தினம் அண்ணே! இன்னாண்ணே இது, தாடியெல்லாம் வுட்டுகினு? சிட்லபாக்கத்துல மண்டபத்துக்குத் திரை வாடகைக்கு வுட்டுகினு இருந்தியே!"

சித்தர் கண்ணை மூடிக்கொண்டார். "அது பூர்வாசிரமம்."

"பார்த்தியா, ஓடுற பிசினஸையே துறந்துட்டு வந்திருக்கார்!" என்று உருகினான் ஜாய்சன். பக்தி இருந்தால் எதுவும் சாட்சிதான்.

மெஷின் உறுமியது. புகை கிளம்பியது. கயிற்றுக்குக் கிட்டே வந்தது. நின்றதா? நிற்கவில்லை. கயிறு என்று ஒன்று இருப்பதையே கவனிக்காமல் மேலும் கீழுமாக நுழைந்து சித்தரின் தாடிக்குள் புகுந்துகொண்டது.

கூட்டத்தில் முணுமுணுப்பு. சித்தர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "இது கல்யாணப் புகை. நெருப்புக்குப் பிறக்காத புகை. என் கட்டு உண்மைப் புகையைத்தான் தடுக்கும்."

"கரெக்ட்! டெக்னிக்கலா கரெக்ட்!" என்றார்கள் என்ஜினீயர்கள்.

ஹெப்சி என்னைப் பார்த்தாள். ஹில்டாவின் வேலை போகும், கதவு பூட்டியே கிடக்கும் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

ஹில்டா பதறவில்லை. "அப்ப உங்க சாம்பிராணி, அது உண்மைப் புகைதானே சாமி?"

பொய் என்று சொன்னால் சாம்பிராணிக்குக் கொடுத்த காசைத் திருப்பிக் கேட்பார்களே! சித்தர் தலையை ஆட்டித்தான் ஆகவேண்டியிருந்தது. ஹில்டா தூபக்காலை எடுத்துக் கயிற்றுக்கு வெளியே வைத்தாள். ஒரு நாற்காலியில் ஏறி, கூரையில் இருந்த ஒரே ஒரு மஞ்சள் துணியை அவிழ்த்தாள். அவ்வளவுதான் செய்தாள்.

கொள்ளிக்கண் விழித்தது. முகர்ந்து பார்த்தது. பிறகு போட்டதே ஒரு கூச்சல்!

மணி அலறியது. "உடனே வெளியேறவும்" என்று ஒரு பெண் குரல் எங்கிருந்தோ கத்தியது. அலாரம் அடித்தால் லிஃப்டுகள் தானாகத் தரைத்தளத்துக்குப் போய் நின்றுவிடும், அவையும் போய்விட்டன. துணி கட்டிய நாள் முதல் இந்தச் சத்தத்தைக் கேட்டிராத பட்டாபிராமன் அலறினார்: "ஐயோ, நிஜமாவே பத்திக்கிச்சு!"

சித்தர் எழுந்த வேகம் இருக்கிறதே! மந்திரம் சொல்லவில்லை. கயிற்றைத் தொடவில்லை. லிஃப்ட் பொத்தானைக் குத்து குத்து என்று குத்தினார். வரவில்லை. வடக்குப் பக்கம் கூட்டமும் புகையும். வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார் தெற்கே. எமன் திசையில்! வழியில் நின்ற ஹெப்சியை ஒரு தள்ளு. ஊன்றுகோல் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். எமன் வாசலுக்கு முன் நின்றார், இடுப்பில் கையை விட்டார், ஒரு சாவியை எடுத்தார், பூட்டைத் திறந்தார், கதவைத் தள்ளினார்.

கதவு ஒரு சாண் திறந்து நின்றுவிட்டது. அந்தச் சந்தில் உடம்பை நுழைத்தார். உடம்பும் நின்றுவிட்டது.

"மணியை நிறுத்துங்க. பென்னி, மெஷினை ஆஃப் பண்ணு. தீயெல்லாம் ஒண்ணும் இல்ல," என்றாள் ஹில்டா.

புகை மெல்ல விலகியது. மண்டபத்தில் இப்படி விலகும்போது மாப்பிள்ளை தெரிவார். இங்கே சித்தர் தெரிந்தார், பாதி உள்ளே, பாதி வெளியே. பூட்டில் சாவி ஆடிக்கொண்டிருந்தது.

"சாமி, அந்தச் சாவி கோவளத்துல இல்ல இருக்கணும்?" என்று கேட்டாள் ஹில்டா.

"கடலம்மா... திருப்பிக் கொடுத்தாள்," என்று கதவிடுக்கிலிருந்து ஒரு குரல் வந்தது.

தரையில் உட்கார்ந்தபடியே ஹெப்சி சொன்னாள்: "எனக்கும் ஒரு சாவி வாங்கிக் கொடுத்திருக்கலாமே சாமி. இந்தக் கதவுக்குப் பக்கத்துல ஓட முடியாம உக்காந்திருக்கறவ நான்தானே?"

யாரும் சிரிக்கவில்லை. ஜாய்சன் ஊன்றுகோலை எடுத்துக் கொடுத்து, அவளைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தான். அப்புறம் பின்பக்கமாகத் திரும்பி நின்று இடது மணிக்கட்டிலிருந்து எதையோ அவிழ்த்தான். எனக்குத் தெரியாது என்று நினைத்தான்.

நாலு பேர் சேர்ந்து கதவை நெம்பி, சித்தரை உருவி எடுத்தார்கள். கதவைத் தடுத்தது எமன் இல்லை. சித்தரின் சொந்த மூட்டைகள். படிக்கட்டு முழுக்கக் கயிற்று மூட்டை. கைப்பிடிக் கம்பியில் கயிறுகள் வரிசையாகக் காய்ந்தன. மூலையில் பக்கெட். வாடகையில்லாத கோடவுன்! இதற்குத்தான் எமன் பேரில் பட்டா போட்டிருக்கிறார் மனிதர்.

பென்னி பக்கெட்டில் விரலை விட்டு நாக்கில் வைத்துத் துப்பினான். "படிகாரத் தண்ணிக்கா! மண்டபத்துத் திரையெல்லாம் இதுல ஊறப்போட்டுக் காய வெச்சா சட்டுனு பத்தாது. எனக்குச் சொல்லிக் குடுத்ததே அண்ணன்தான்."

ஹில்டா ஹெப்சியின் கையிலிருந்த ரெட்டை முடிச்சை அவிழ்த்து வாங்கினாள். சோப்பில் தினமும் குளித்த கயிறு. சித்தரின் லைட்டரையே காட்டினாள். திரி மாதிரி ஜம்மென்று எரிந்தது. "குளிச்சதுல மந்திரம் கரைஞ்சு போச்சு," என்றாள். மாசா மாசம் புதுக்கயிறு கட்டவேண்டும் என்று சித்தர் ஏன் சொன்னார் என்பது அப்போதுதான் எம்.பி.ஏ.க்களுக்கு விளங்கியது.

பூர்வாசிரம ரத்தினத்தைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றினார்கள். ஏறும்போதும் முதல் ஆளாகத்தான் ஏறினார், கூட்டம் அடிக்கும் என்ற பயம்.

போன வாரம் மறுபடி ஒத்திகை. மொட்டைமாடியில் வடகம் காயப்போடப் போன நான் தற்செயலாகப் பார்த்தேன். மணி அடித்தது. யாரும் பஜ்ஜிக் கடைக்குப் போகவில்லை. தெற்குப் படிக்கட்டு வழியாக ஹெப்சியை நாற்காலியோடு ஜாய்சனும் இன்னொருவனும் இறக்கிக் கொண்டுவந்தார்கள். பச்சை போர்டுக்குக் கீழே அவளை உட்கார வைத்ததும் என் பக்கம் பார்த்து ஊன்றுகோலைத் தூக்கி ஆட்டினாள். அன்று இரவு மாடியில் விளக்கு சீக்கிரமே அணைந்தது.

எல்லாம் முடிந்ததும் பட்டாபிராமன் ஹில்டாவிடம் போய்க் கைகட்டி நின்றாராம். "இனிமே ஒவ்வொரு ஒத்திகைக்கும் நீயே உன் கையால அந்தக் கதவைத் திறந்து வைம்மா. எவ்வளவு லேசாத் திறந்தது பார்! ராசியான கை."

"கை இல்ல சார். கீலுக்கு எண்ணெய் போட்டேன்," என்றாளாம்.

திருந்திவிடுமா ஊர்? இந்தச் சித்தர் போனால் இன்னொரு சித்தர். உங்கள் ஆபீஸிலும் ஒரு மூலையில் ஒரு கதவு இருக்கும். கயிற்றுக்குக் கையை நீட்டுமுன், அந்தக் கையால் அதை ஒரு தடவை தள்ளிப் பாருங்கள். திறக்கவில்லை என்றால் சாவி எந்தக் கடலில் கிடக்கிறது என்று தேடாதீர்கள். யார் இடுப்பில் இருக்கிறது என்று கேளுங்கள்.