மஞ்சள் விளக்கும் மச்சினன் வீட்டு பீரோவும்

சனிக்கிழமை காலை, பிக்கப் வண்டியின் டேஷ்போர்டில் செக் என்ஜின் விளக்கு மஞ்சளாக எரிந்தது. வேறு யாராக இருந்தாலும் வயிற்றில் புளியைக் கரைத்திருக்கும். பிக்கப்காரருக்கோ பாலை வார்த்தது. மறுநாள் மச்சினன் வீடு மாறுகிறான். மாடியிலிருந்து இரும்பு பீரோவை இறக்கி, பிக்கப்பில் ஏற்றி, போன இடத்தில் மறுபடி மாடி ஏற்ற வேண்டும். அதே பீரோவை ஏற்கெனவே ஒரு தடவை தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்ட மனிதர். இந்த ஞாயிறு கட்டிலை விட்டு இறங்குவதில்லை என்று சபதமே எடுத்திருந்தார்.

“என்ஜின் லைட் எரியுது. வண்டியை எடுக்கவே கூடாது,” என்றார், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

“அடடா,” என்றாள் மனைவி, துணி மடித்தபடி. கொஞ்ச நேரம் கழித்து வந்தாள். “தம்பிகிட்ட சொன்னேங்க. சின்ன விஷயந்தானாம். மாமாவுக்குப் பிடிபடாது, சாயங்காலம் நான் வந்து பாக்கறேன்னான்.”

“யாருக்குப் பிடிபடாது?”

“உங்களுக்குத்தான்.”

“அவன் டூ வீலர் மெக்கானிக். ரெண்டு சக்கரத்துக்கு மேல அவனுக்கு எண்ணவே தெரியாது.”

“எனக்கென்ன தெரியும்? அவன் சொன்னதைச் சொன்னேன். நீங்க விட்டுடுங்க, அவன் பாத்துக்குவான்.”

விடுவாரா? பக்கத்து வீட்டு டிரைவரிடம் வண்டிக் கோளாறு காட்டும் ஸ்கேனரை இரவல் வாங்கிச் செருகினார். பெட்ரோல் ஆவி எங்கேயோ கசிகிறது என்றது அது. சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு வண்டிக்கடியில் புகுந்தார். என்ஜினிலிருந்து டேங்க் வரை ஒவ்வொரு குழாயாகத் தடவினார். கண்ட கிளிப்பையெல்லாம் முறுக்கினார். ஸ்கேனரால் விளக்கை அணைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தார். திரும்பவும் எரிந்தது.

காப்பி கொண்டுவந்தவள், “தம்பியை இப்பவே வரச் சொல்லட்டுமா?” என்றாள்.

காப்பியைத் தொடாமல் மறுபடி வண்டிக்கடியில் போனார்.

கடைசியில் அகப்பட்டது. டேங்க் மூடியின் உள்ளே இருந்த ரப்பர் வளையத்தில் விரிசல். புது மூடி வாங்கி மாட்டி, ஊரையே ஒரு சுற்று சுற்றினார். விளக்கு மூச்சுவிடவில்லை. இருட்டும் நேரத்துக்கு, மூக்கில் கிரீஸோடு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து நின்றார்.

“முடிஞ்சுது. இனிமே எந்த லோடை வேணா ஏத்தலாம். போய்ச் சொல்லு உன் தம்பிகிட்ட.”

“இப்பத்தாங்க பேசினேன். விடிஞ்சதும் வந்துடுங்க, பீரோவுக்குக் கயிறு கட்டி வைக்கறேன்னான்.”

அப்போதுதான் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. இடுப்பில் சுரீரென்றது.

“இரு. சாயங்காலம் வந்து பாக்கறேன்னானே, ஏன் வரலை?”

மடித்த துணியை அலமாரியில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“அவனுக்கு வண்டி ரிப்பேர்னே தெரியாதுங்க.”