எழுபத்து நாலு டிகிரி

பதற்றத்தில் இருக்கும் டாக்டரிடம் கத்தியைக்கூடக் கொடுக்கலாம், கோணமானியைக் கொடுக்கக் கூடாது. கத்தி என்றால் நாலு பேர் பயந்து தடுப்பார்கள். அளந்து ஓர் எண்ணைச் சொல்லிவிட்டாலோ எல்லோரும் நம்பிவிடுவார்கள் (முதலில் நம்புவது அளந்தவர்தான்).

தூத்துக்குடியில் ஓர் ஆஸ்பத்திரியின் எலும்புப் பிரிவில் நான் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலையில் சாத்தான்குளத்திலிருந்து அம்மா போன் செய்தாள்.

“ஏளா, மாப்பிள்ளையோட அம்மா இன்னைக்கு ஆஸ்பத்திரிக்கே வந்து ஒன்னயப் பாத்துட்டுப் போவாவளாம். நோயாளி மாதிரித்தான் வருவாவ. ஒனக்குத் தெரியக் கூடாதாம், தரகர் எங்கிட்ட உளறிட்டாரு. சிரிச்ச முகமா இரு.”

எங்கள் பக்கத்தில் இது உண்டு. சேலை கட்டி உட்காரவைத்தால் எந்தப் பெண்ணும் அடக்கமாகத்தான் தெரிவாள், வேலை பார்க்கும் இடத்தில்தான் குணம் தெரியும் என்று சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

மாப்பிள்ளை துறைமுகத்தில் இன்ஜினியர். ஒரே ஒரு முறை போனில் பேசியிருந்தோம். கிரேன் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. கேட்ட பாதியிலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. இந்தச் சம்பந்தம் தட்டிப்போய்விடக் கூடாதே என்று, வருகிற ஒவ்வோர் அம்மாவையும் உற்று உற்றுப் பார்த்தேன்.

புறநோயாளிகள் வரிசையில் பட்டுச்சேலை கட்டிய ஓர் அம்மா, கையில் மாவுக்கட்டோடு இருந்தார். இவர்தான் என்று முடிவு கட்டினேன் (ஆஸ்பத்திரிக்கு வேறு யார் பட்டு கட்டி வருவார்கள்?). என் நாற்காலியைக் கொடுத்தேன். ஃபேனை அவர் பக்கம் திருப்பினேன். டீ வரவழைத்தேன். “ரெம்ப நல்ல பிள்ள” என்று அவர் சொன்னதும் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி இருந்தது.

அடுத்து வந்தவர் நூல்சேலைக்காரம்மா. முழங்கால் மூட்டு வலி என்றார்.

“எவ்வளவு நாளா?”

“அது கெடக்கு கொஞ்ச நாளா. ஒனக்குச் சொந்த ஊரு எதும்மா?”

“மூட்டைப் பத்தி மட்டும் சொல்லுங்க” என்றேன், ஒரு கண்ணைப் பட்டுச்சேலையின் மேல் வைத்தபடி.

நிற்கவைத்து எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி நானும் கூடவே போனேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று, டீ சூடாகப் போய்ச் சேர்ந்ததா என்று வாசலை எட்டி எட்டிப் பார்த்தேன். இந்த அம்மாவோ நான் போகும் பக்கமெல்லாம் திரும்பினார். “ஆடாம நில்லுங்கம்மா” என்று அதட்டினேன். ஆடாமல்தான் நின்றார், என்னைப் பார்த்துத் திரும்பியபடியே.

படம் வந்தது. தொடை எலும்பின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு. மூட்டில் அந்த எலும்பு முடியும் இரண்டு புடைப்புகளின் அடியைத் தொட்டு இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடையே வெளிப்பக்கக் கோணம் எண்பத்தொன்றை ஒட்டி இருக்க வேண்டும். எனக்கு எழுபத்து நாலு வந்தது. சரிபார்க்க எனக்குப் பொறுமை இல்லை.

“தொடை எலும்பே கோணலா இருக்கு. வெட்டி நேராக்கி பிளேட் வைக்கணும்.”

“வெட்டணுமா?”

“வெட்டியே ஆகணும்” என்றேன்.

அந்த நேரம் பெரிய டாக்டர் உள்ளே வந்து படத்தைத் தூக்கிப் பார்த்தார். “ஏம்மா, சில்லு எங்கன கெடக்கு?”

மூட்டுச் சில்லின் நிழல் நடுவில் இல்லை, ஓரத்தில் கிடந்தது. சில்லு நேராக முன்னால் பார்த்தால்தான் அந்தக் கோணத்தை நம்பலாம். கால் திரும்பியிருந்தால் நேரான எலும்பும் படத்தில் கோணலாகத் தெரியும். இது எங்களுக்கு முதல் பாடம்.

“படம் எடுக்கையில எங்க பாத்துட்டு நின்னீங்கம்மா?” என்று அவர் கேட்டார்.

“இந்தப் பிள்ளையத்தான் பாத்தேன். எம் மவனுக்குப் பொண்ணு பாக்க வந்த எடத்துல வேற எங்க பாக்கச் சொல்லுதிய?”

பெரிய டாக்டர் கூரையைப் பார்த்தார். பட்டுச்சேலை அம்மா ஏற்கனவே கட்டைப் பிரித்துக்கொண்டு ஏதோ கல்யாணத்துக்குப் போய்விட்டிருந்தார். மறுபடியும் படம் எடுத்தோம். எண்பத்தொன்று. அந்த அம்மா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அன்று சாயங்காலம் வரை நான் ஓர் இடத்தில் உட்காரவில்லை. போன் அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம். கடைசியில் அம்மாதான் கூப்பிட்டாள்.

“என்னளா சொன்ன அவியகிட்ட?”

“காலை வெட்டணும்னேன்மா.”

“அதத்தான் அவியளும் சொன்னாவ. மூஞ்சிக்கு நேரா சொல்லுத பிள்ள, மனசுல எதையும் ஒளிக்காது, இந்தப் பிள்ளையே போதும்னுட்டாவ.”

இன்றைக்கும் கோவிலில் ஆராதனை முடிந்து யாரிடமாவது என்னை அறிமுகப்படுத்தும்போது அத்தை இப்படித்தான் ஆரம்பிப்பார். “எல்லா வீட்டுலயும் மாப்பிள்ளை வீட்டுக்காரவதான் பொண்ணு வீட்டுல அதக் கேப்பாவ, இதக் கேப்பாவ. எங்க வீட்டுல பொண்ணு எங்கிட்ட காலக் கேட்டா.”