எண்ணிக்கையில் சேராத ஏட்டு

மக்களின் மகிழ்ச்சியை உத்தேசித்து ராணுவம் ஆட்சிப் பொறுப்பை ஏற்றுக்கொண்ட நான்காம் மாதம், ஐந்து பேரோ அதற்கு மேற்பட்டோரோ அரசியல் நோக்கத்துடன் ஓரிடத்தில் கூடுவது தண்டனைக்குரிய குற்றம் என்று ஓர் ஆணை வெளியானது. ஏன் ஐந்து என்று யாரும் கேட்கவில்லை. கேட்கப் போவதென்றால் துணைக்கு நாலு பேரைக் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும்.

பாங்காக்கில் பாங் தோங் வட்டாரத்தில் அந்த ஆணையைக் கடைசி வரி வரை படித்தவர் ஒரே ஒருவர்தான். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் லம்துவான். நாலுக்கும் ஐந்துக்கும் உள்ள வித்தியாசத்தை முப்பத்தாறு வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். அடுத்த சனிக்கிழமை காலை, வட்டார அலுவலகத்துக்கு நேர் எதிரே முவே அக்காவின் நூடுல்ஸ் கடையில் சரியாக நாலு பேர் வந்து உட்கார்ந்தார்கள். டீச்சர், ஒரு பல் டாக்டர், மோட்டார் சைக்கிள் டாக்சி ஓட்டும் ஓர் ஆள், சட்டம் படிக்கும் ஒரு பெண். ஆளுக்கொரு கிண்ணம் நூடுல்ஸ், கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஆளுக்கொரு வெள்ளைத்தாள். தாளில் ஒரு எழுத்து இல்லை. தேர்தல் எப்போது என்று எழுதி வைத்திருந்தால்கூட அரசாங்கத்துக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது.

கண்காணிக்க ஏட்டு புன்லெர்த் மஃப்டியில் அனுப்பப்பட்டார். அந்த ஸ்டேஷனில் மஃப்டி என்றால் எல்லோருக்கும் ஒரே நீல பனியன், ஒரே இடுப்புப் பை, பளபளவென்று மெருகேற்றிய அரசாங்க பூட்ஸ். தெருமுனையில் உட்கார்ந்திருந்த டாக்சிக்காரர்கள் எழுந்து வணக்கம் வைத்தார்கள்.

புன்லெர்த்துக்கு அரசியலில் அக்கறை இல்லை. அவருக்கு இருந்த அக்கறை எல்லாம் லோய் மாகாணத்தின் மேல். அவர் மனைவி சாய்பின் அங்கே பஸ் நிலையத்தில் சுட்ட கோழியும் ஒட்டுச் சோறும் விற்றுக்கொண்டிருந்தாள். வருஷத்துக்கு ஒருமுறை, சொங்க்ரான் தண்ணீர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போய், நனைந்து, காய்ந்து, திரும்பிவிடுவார். ஏழு வருஷமாக இடமாற்றம் கேட்டுக்கொண்டிருந்தார். "மூணு மாசம் உன் ஏரியாவுல கலவரம் எதுவும் இல்லன்னு ரிப்போர்ட் குடு. அடுத்த பஸ்ஸுல ஊருக்குப் போ" என்று போலீஸ் கர்னல் தாவோன் வாக்குக் கொடுத்திருந்தார்.

கடையில் இருந்தது ஒரே மேஜை. பேச்சு காதில் விழ வேண்டுமென்றால் அங்கேதான் உட்கார வேண்டும். புன்லெர்த் உட்கார்ந்தார். டீச்சர் சாப்பாட்டுக் குச்சியைக் கீழே வைத்தார்.

"தம்பி, நாங்க வந்தப்ப நாலு பேர். இப்ப எத்தனை?"

"நான் சும்மா நூடுல்ஸ் சாப்பிட வந்தேங்க டீச்சர்."

"அப்ப எதுக்கு நோட்டைத் தொறக்கிறீங்க?"

"அது வந்து... எங்க ஆபீஸ் வேலை."

"எங்களைப் பத்தித்தானே எழுதுறீங்க? அப்ப உங்களுக்கும் அரசியல் நோக்கம் இருக்கு. அஞ்சு பேர் ஆயிடுச்சு. குற்றம் நடந்துபோச்சு. யாரைப் பிடிக்கிறதுன்னு யோசிச்சு வையுங்க, அதுக்குள்ள நாங்க சாப்பிட்டு முடிச்சிடுறோம்."

புன்லெர்த் நேர்மையான மனுஷர். கூடியவர்கள் ஐந்து பேர் என்றே எழுதிக்கொண்டு போனார். கர்னல் படித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அஞ்சாவது ஆள் யாருய்யா?"

"நான்தான் சார்."

"நீ உக்காரலேன்னா?"

"நாலு சார். குற்றமே இல்ல."

"அப்ப நாம கண்காணிச்சாதான் சட்டம் மீறப்படுது. கண்காணிக்கலேன்னா மீறலைங்கிறதே நமக்குத் தெரியாது."

"ஆமா சார்."

இது ஒரு கர்னல் தனியாக முடிவெடுக்கக்கூடிய விஷயம் அல்ல. கர்னலையும் சேர்த்து ஒன்பது பேர் கொண்ட குழு ஒன்று அமைக்கப்பட்டது. அந்தக் குழு மூன்று முறை கூடி, நாலு தட்டுப் பழம் சாப்பிட்டு, மேற்படி ஏட்டானவர் மேற்படி கடமையில் இருக்கும்போது மேற்படி ஆணையின் பொருட்டு ஓர் ஆளாகக் கருதப்பட மாட்டார் என்று தீர்மானித்தது. அதற்கு அத்தாட்சியாகக் கழுத்தில் தொங்கவிட ஓர் அட்டை அடிக்கப்பட்டது. மேலே அரசு முத்திரையான கருடன், நடுவே புகைப்படம், கீழே சிவப்பெழுத்தில் "எண்ணிக்கையில் சேராத நபர்". அட்டை வழங்கும் விழாவில் கர்னலின் முகத்தை ஆளுயரத்துக்குப் போட்டு பேனர் கட்டினார்கள். அட்டை வாங்கிய புன்லெர்த் போட்டோவில் அந்தப் பேனருக்குப் பின்னால் பாதி தெரிந்தார்.

யோசித்துப் பார்த்ததில் குழுவே ஒன்பது பேர் என்பது உறைத்தது. ஆளுக்கொரு அட்டை, தங்கக்கரை போட்டு, அன்றைக்கே எழுதிக்கொண்டார்கள்.

அதன்பிறகு விஷயம் கையை மீறிப் போனது. அலுவலகத்து முன்னால் சாயங்காலம் பாட்டுப் போட்டு உடற்பயிற்சி செய்யும் நாற்பது பெண்கள் வந்து நின்றார்கள். "நாங்க கையைத் தூக்கறது இடுப்பு குறையத்தான். ஆனா தூக்கறது நாற்பது பேர். எதுக்கு வம்பு, எங்களுக்கும் அட்டை குடுங்க." கொடுக்கப்பட்டது. பிறகு ஒரு சாவு வீடு. நாலு பிக்குகள் மந்திரம் ஓத வேண்டும், பெட்டியில் இருப்பவரைச் சேர்த்தால் ஐந்து. செத்தவருக்கு அரசியல் நோக்கம் இல்லை என்று குடும்பத்தார் வாதாடினார்கள். போன ரெண்டு தேர்தலிலும் செத்தவர்கள்கூட ஓட்டுப் போட்டிருக்கிறார்கள் என்பதைக் குமாஸ்தா பதிவேட்டைப் புரட்டிக் காட்டினார். பெட்டியின் மேல் ஓர் அட்டை ஒட்டி எரியூட்டினார்கள்.

பாங் தோங்கில் பெரிய மனிதர்கள் என்று சொல்லிக்கொள்பவர்கள் ஒரு விஷயத்தைக் கண்டார்கள். அட்டை இருப்பவனைப் போலீஸ் எதுவும் கேட்பதில்லை. அவ்வளவுதான், கவுரவம் பிறந்துவிட்டது. திங்களுக்கு மஞ்சள், செவ்வாய்க்கு இளஞ்சிவப்பு என்று அந்தந்த நாள் நிறத்தில் கழுத்துப் பட்டி வந்தது. அட்டைக்குப் பக்கத்தில் தாயத்து தொங்கவிட இரட்டைக் கொக்கி வந்தது. நகைக்கடை முதலாளி மனைவி ஒருத்தி, "நான் போன மாசமே எண்ணிக்கையிலிருந்து வெளிய வந்துட்டேன், நீங்க இன்னும் உள்ளதான் இருக்கீங்களா?" என்று பக்கத்து வீட்டுக்காரியைக் கேட்டு இரண்டு நாள் தூங்கவிடாமல் செய்தாள். ஒரு மாதத்தில் வட்டாரத்தில் அட்டை இல்லாதவர்கள் நாலே பேர். அந்த நாலு பேரும் சனிக்கிழமை நூடுல்ஸ் சாப்பிட்டார்கள்.

பல் டாக்டருக்குக்கூடச் சபலம் தட்டியது. "வாங்கிட்டா என்ன டீச்சர்?"

"வாங்கிக்கலாம். ஒரு நாள் எண்ணுவாங்க, அன்னிக்கு உங்களை விட்டுட்டு எண்ணுவாங்க. பரவாயில்லையா?"

பல் டாக்டர் நூடுல்ஸில் இன்னும் கொஞ்சம் மிளகாய்த்தூள் போட்டுக்கொண்டார்.

அட்டை கழுத்தில் ஏறியதும் பாங் தோங் மக்களுக்கு வீரமும் ஏறியது. ஒரு சனிக்கிழமை மூவாயிரம் பேர் அலுவலகத்து முன்னால் திரண்டு தேர்தல் வேண்டும் என்று கோஷம் போட்டார்கள். ஐஸ்கிரீம் வண்டி வந்தது, மீன் உருண்டைக்காரர் வந்தார், கைத்தட்டும் பிளாஸ்டிக் கை விற்பவர் வந்தார். புன்லெர்த் பதறிப்போய் ஒவ்வொரு கழுத்தாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். கடைசியில், "கூடியோர் நான்கு பேர், நூடுல்ஸ் உண்டனர், வட்டாரம் அமைதி" என்று எழுதினார். ஜன்னல் கண்ணாடி அதிர்கிற இரைச்சலில் கர்னல் அதை வாசித்துவிட்டு ஏட்டின் தோளில் தட்டினார். பாங் தோங்குக்கு முன்மாதிரி வட்டாரம் என்று விருது கிடைத்தது. அதற்கும் ஒரு பேனர்.

மூன்று மாதம் முடிந்தது. கர்னல் சொன்ன சொல் தவறவில்லை. லோய் மாகாணத்துக்கு இடமாற்ற ஆணை கையெழுத்தாகி வந்துவிட்டது. புன்லெர்த் பெட்டி கட்டிக்கொண்டு பணியாளர் பிரிவில் போய் நின்றார். குமாஸ்தா கம்ப்யூட்டரைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"அண்ணே, இங்கேருந்து ஒரு ஆளை எடுத்தாத்தான் அங்க ஒரு ஆளைப் போட முடியும்."

"நான்தான் அந்த ஆள்."

"நீங்க எண்ணிக்கையில இல்லையே. இல்லாத ஆளை எப்படி எடுக்கறது?"

"அப்ப அட்டையை ரத்து பண்ணுப்பா."

குமாஸ்தா அட்டையைத் திருப்பி ஏழாவது விதியைக் காட்டினார். ரத்து செய்யும் அதிகாரம் நேரில் கூடும் குழுவுக்கே உண்டு. குழு செல்லுபடியாக, எண்ணிக்கையில் உள்ளவர்கள் குறைந்தது ஐந்து பேர் இருக்க வேண்டும்; அவர்கள் யாராக இருக்க வேண்டும் என்று விதியில் இல்லை. அதே வாரம் ஒன்பது பேரும் கூடினார்கள். வருகைப் பதிவு எடுத்ததில் ஒருவரும் வரவில்லை என்று தெரிந்தது. ஆள் போதாமையால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. பழத்தட்டு மட்டும் காலியாகிவிட்டது.

அன்றிரவு புன்லெர்த் போனில் சாய்பினிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிட்டார். நாற்பத்தாறு வயதில் அழுவது அவருக்கே வெட்கமாக இருந்தது.

இந்த நிலையில் அரசாங்கம், ஐந்து பேர் ஆணை நீடிக்கலாமா கூடாதா என்று மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தப்போவதாகப் பெருந்தன்மையுடன் அறிவித்தது. கடைசி வரியில் ஒரு குறிப்பு: அட்டைதாரர்கள் தாராளமாக வாக்களிக்கலாம், வாக்குகள் எண்ணிக்கையில் சேரா. பாங் தோங் முழுக்க வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டது. ஆணையை எதிர்த்தவர்கள் மட்டுமல்ல, ஆதரித்தவர்களும் அடித்துக்கொண்டார்கள். அவர்களும் அட்டை வாங்கியவர்கள்தானே. கர்னலும் தன் பங்குக்கு அடித்துக்கொண்டார். பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே ஆள் இல்லை என்று போட்டு வந்திருந்தது.

அட்டை இல்லாதவர்கள் நாலு பேர். குழுவுக்குத் தேவை ஐந்து. அட்டை வாங்கிய ஆள் ஐந்தாவதாக உட்கார வேண்டுமென்றால் முதலில் அவர் அட்டையை ரத்து செய்ய வேண்டும். ரத்து செய்ய ஐந்து பேர் வேண்டும். கர்னல் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சனிக்கிழமை காலை, ஒரு கூடை ஒட்டுச் சோற்றோடு லோய் பஸ்ஸிலிருந்து சாய்பின் வந்து இறங்கினாள். அவள் கழுத்தில் ஒன்றுமில்லை.

அவள் நேரே நூடுல்ஸ் கடைக்குப் போனாள். "டீச்சர் யாரு? நீங்களா அக்கா? எனக்கு மத்தியானம் ஒரு மணிக்குத் திரும்பிப் போக பஸ்ஸு. எங்க கையெழுத்துப் போடணும்?"

அவள் உட்கார்ந்ததும் ஐந்து பேர் ஆயிற்று. கர்னல் ஓடோடி வந்தார்.

"இதுல அரசியல் நோக்கம் எதுவும் இல்லையே?" என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"இவரைக் கூட்டிட்டுப் போகணும், அதுதான் நோக்கம்" என்றாள் சாய்பின். "நீங்க அதை என்னன்னு வேணா எழுதிக்குங்க."

முதல் மனு புன்லெர்த்துடையது. ஐந்து கையெழுத்து, ஒரு முத்திரை. ஏட்டு மறுபடி ஆளானார். அவருக்குப் பின்னால் தங்கக்கரை அட்டையோடு கர்னல், கர்னலுக்குப் பின்னால் நகைக்கடை முதலாளி மனைவி, அவளுக்குப் பின்னால் தெருவை நிறைத்துக்கொண்டு மூவாயிரம் பேர். சாய்பின் கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மணி பன்னிரண்டே கால்.

"எங்க வேலை முடிஞ்சுதுங்க அக்கா."

கூட்டம் ஓவென்றது. கர்னல் புன்லெர்த்தின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏய், நீதான் இப்ப ஆளாச்சே. அவங்க இடத்துல நீ உக்காருப்பா. இன்னிக்கு ஒரு நாள். எல்லாருக்கும் முடிச்சுக் குடுத்துட்டு நாளைக்குப் போ."

நாளைக்குள் முடியாது என்பது புன்லெர்த்துக்குத் தெரியும். மூவாயிரம் மனு, ஒவ்வொன்றுக்கும் ஐந்து கையெழுத்து. உட்கார்ந்தால் அடுத்த சொங்க்ரான்தான். டீச்சர் அவரையே பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் அவர் கூட்டத்தைப் பார்த்தார். எத்தனையோ முகம், எல்லாம் அவரிடமிருந்து ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தன. வாழ்க்கையில் முதல்முறையாக அவரிடம் ஒரு அதிகாரம் இருந்தது. இருபத்திரண்டு வருஷ உத்தியோகம் அவரைக் கேட்காமலே வாய்திறந்தது.

"திங்கட்கிழமை வாங்க."

கல்லெறிவார்கள் என்று நினைத்தார். யாரும் எறியவில்லை. ஆணைக்கு எதிராகத் தொண்டை கிழியக் கத்திய மூவாயிரம் பேரும், "திங்கட்கிழமையாம், திங்கட்கிழமையாம்" என்று பின்னால் இருப்பவர்களுக்குச் சொல்லிவிட்டு, வரிசையில் இடம் போகாமலிருக்க அங்கங்கே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்கள். உனக்கு முன்னாலா எனக்கு முன்னாலா என்று இரண்டு இடத்தில் அடிதடிகூட நடந்தது. கர்னல் குனிந்து தன் பூட்ஸைக் கழற்றி முதலாவதாக வைத்தார்.

பஸ் கிளம்பியபோது சாய்பின் புன்லெர்த்துக்குப் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க திங்கட்கிழமை வருவீங்களா?"

"நான் எதுக்கு வரப்போறேன்?"

"பாவங்க அவங்க."

"நான் உக்காந்திருந்தா நீ சும்மா விட்டிருப்பியா?"

அவள் கூடையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். பஸ் வட்டார அலுவலகத்தைத் தாண்டும்போது வெறிச்சோடிய தெருவை எட்டிப் பார்த்தாள். "அங்க எத்தனை பேருங்க இருந்தாங்க?" என்று கேட்டாள்.

புன்லெர்த் பழக்கதோஷத்தில் இடுப்புப் பையிலிருந்து நோட்டை எடுத்து, எட்டிப் பார்த்துக் கணக்கெடுத்தார்.

"நாலு பேர்," என்றார். "செருப்புதான் ஏகப்பட்டது."