தள்ளினால் புள்ளியா?

விதிக் காவலர் என்றோர் இனம் உண்டு. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் எந்தக் கல்லூரி மல்யுத்தக் கூடத்துக்குள் நுழைந்தாலும் இவரைப் பார்க்கலாம். பூட்ஸ் பனியை வாசலில் உதறிவிட்டு, மரப்படியில் முழங்கால்களை அகல விரித்து, ஒரு காலத்தில் தாமும் மல்லர்தாம் என்பதற்குச் சாட்சியான நசுங்கிய காதைக் களத்தின் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆட்டம் பார்க்கவா? இல்லை. விதியை யாரும் திருடிக்கொண்டு போகாமல் காவல் காக்க.

பன்றிப் பண்ணைக்காரர் வெர்லின் ஹூக்ஸ்ட்ராவை எடுத்துக்கொள்ளுங்கள். தாடியோடு ஆடலாம் என்றபோது மல்யுத்தம் செத்துவிட்டது என்றார். ஆளை வீழ்த்தினால் இரண்டு புள்ளி என்பது மூன்றானபோது மறுபடியும் செத்தது. இத்தனை முறை செத்தும் இவ்வளவு கூட்டம் சேர்க்கும் பிணம் வேறெங்கும் கிடையாது.

இந்தக் குளிர்காலத்தில் இரண்டு யோசனைகள் கிளம்பின. எதிராளியை வட்டத்துக்கு வெளியே தள்ளினால் ஒரு புள்ளி தரலாம் என்பது ஒன்று. கீழே அமுக்கிப் போட்டு மேலே ஒரு நிமிடம் கூடுதலாகச் சவாரி செய்தவனுக்குத் தரும் புள்ளியை எடுத்துவிடலாம் என்பது இன்னொன்று. வெர்லினுக்குத் தொண்டையில் ‘சில்லி’ என்கிற காரமான இறைச்சிக் குழம்பும் இறங்கவில்லை, தொட்டுக்கொள்ளும் இலவங்கப்பட்டை ரொட்டியும் இறங்கவில்லை.

“தள்ளினா புள்ளியா? என் பன்னிகூடத்தான் தள்ளும்! நாளைக்கே கூட்டிட்டு வரேன், அதுக்கும் ஒரு பட்டம் குடுங்கய்யா!” என்று உணவுக்கடையே அதிர முழங்கினார்.

இதற்கிடையில் அவருடைய மகன் பிரான்ட்டுக்கு ஒரு சின்னக் கவலை. மூன்று வருடம் பெஞ்சைத் தேய்த்துவிட்டு, இப்போது கடைசி வருடம். அணியில் அவன் எடைக்கு ஓர் இடம், அதற்கு இருவர். டாரியன் என்ற இரண்டாம் வருடப் பையனோடு மோதி ஜெயித்தால் இடம் அவனுக்கு. புது யோசனைகள் நாளை விதியானாலும் ஆகலாம், பையன்கள் பழகட்டும் என்று பயிற்சியாளர் குபிக் அந்த மோதலை அவற்றின்படியே நடத்தப் போவதாக அறிவித்தார்.

விடுவாரா வெர்லின்? நேரே குபிக்கின் அறைக்குள் புகுந்தார்.

“இந்தக் கூடத்துல உண்மையான மல்யுத்தம் நடக்குமா, நடக்காதா?”

“வெர்லின், உன் பையன் தள்றதுல சூரன்யா. கீழ மாட்டினாத்தான் எந்திரிக்கத் திணறுவான். நல்லா யோசிச்சுக்கோ.”

“என் பையனுக்காக விதிய வளைக்கச் சொல்றியா? என்னையா?”

குபிக் இரண்டு கைகளையும் விரித்தார். “சரி சாமி. பழசே இருக்கட்டும்.”

வெற்றி! வெர்லின் மார்பை நிமிர்த்திக்கொண்டு மரப்படியில் போய் அமர்ந்தார்.

மோதல் தொடங்கியது. பிரான்ட் டாரியனை வட்டத்துக்கு வெளியே தள்ளினான். புள்ளியில்லை. மறுபடி தள்ளினான், டாரியன் கிட்டத்தட்ட தண்ணீர்க் குழாய் வரைக்கும் போய்த் திரும்பினான். புள்ளியில்லை. மூன்றாவது தடவை வெர்லின் தம்மை மறந்து, “வெளிய! வெளிய போயிட்டான்!” என்று எழுந்து கத்தினார். நடுவர் அவரைத் திரும்பிப் பார்த்தார். வெர்லின் கால்சட்டையைச் சரிசெய்வதுபோல் உட்கார்ந்தார்.

அடுத்த சுற்றில் கீழே கிடந்து தொடங்கும் முறை டாரியனுக்கு; சட்டென்று நழுவி, தப்பியதற்கான ஒரு புள்ளியை எடுத்தான். கடைசிச் சுற்றில் முறை மாறி பிரான்ட் கீழே மாட்டினான். ஒரு நிமிடத்துக்கும் மேல் டாரியனைச் சுமந்து, பிறகு நழுவினான். ஒன்றுக்கு ஒன்று. சவாரிப் புள்ளி டாரியனுக்கு. இரண்டுக்கு ஒன்று. முடிந்தது.

பிரான்ட் காதுக்கவசத்தைக் கழற்றிவிட்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தான். அந்த இடம் அவனுக்கு நன்றாகவே பழக்கம்.

திரும்பும் வழியில் வண்டிக்குள் பிரான்ட்தான் ஆரம்பித்தான்.

“அப்பா.”

“ம்.”

“உண்மையான மல்யுத்தம் நல்லாத்தான் இருந்துச்சு.”

மறுநாள் காலை அதே உணவுக்கடை. “மேல சும்மா படுத்துக் கிடக்கறதுக்கு ஒரு புள்ளியா? தொரத்தித் தொரத்தித் தள்றவனுக்கு ஒண்ணுமில்லையா? இந்த விதிய மாத்தணும்னு நான் எத்தனை வருஷமா சொல்றேன்!” என்றார் வெர்லின்.

“அது கெடக்கட்டும்,” என்றார் பரிமாற வந்த லோர்னா. “பன்னிய எப்ப கூட்டிட்டு வரீங்க?”

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் வீட்டிலோ அலுவலகத்திலோ நீங்கள் கடைசியாக நெஞ்சை நிமிர்த்திக் காப்பாற்றிய பழைய முறை எது, அதன் அடியில் அமுங்கிக் கிடந்தவர் யார் என்று ஒருமுறை யோசித்துவிட்டு, மெதுவாக உங்கள் காதைத் தடவிப் பாருங்கள். கொஞ்சம் நசுங்கினாற்போல் இல்லை?