எல்லாம் சேர்த்து எவ்வளவு?

பெரிய பல்கலைக்கழகத்தில் பிள்ளைக்கு இடம் கிடைத்துவிட்டது என்றதும் துள்ளிக் குதிக்கிற அப்பாக்களைப் பார்த்திருப்பீர்கள். கண் கலங்குகிறவர்களையும் பார்த்திருப்பீர்கள். இரண்டிலும் சேராத மூன்றாவது ரகம் ஒன்று உண்டு. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, ஒரே ஒரு கேள்வி கேட்பார்:

"எல்லாம் சேர்த்து எவ்வளவு?"

கட்டணம் எவ்வளவு என்று கேட்கவில்லை, கவனியுங்கள். அதைக் கேட்பவர்கள் சாதாரண மனிதர்கள். ‘எல்லாம் சேர்த்து’ அப்பாவுக்குக் கட்டணம் என்பது கடைவாசலில் தொங்குகிற பலகை. வில்லங்கம் உள்ளே இருக்கிறது என்பது அவர் கட்சி. விடுதியில் துணி துவைக்க மெஷின் இருக்கிறதா, ரொம்ப சந்தோஷம், அதற்குக் காசு போட வேண்டுமா, துவைத்ததைக் காயவைக்கத் தனிக் காசா? விருந்துக்குக் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு போக வேண்டுமாம், அது வாடகையா விலையா, அதன்மேல் குழம்பைச் சிந்தினால் சலவை யார் தலையில்? விடுமுறைக்கு அறையைக் காலி செய்யச் சொன்னால் பெட்டிகள் எங்கே போய்ப் படுத்துக்கொள்ளும்? இப்படி ஒவ்வொரு செலவாகப் பொந்திலிருந்து இழுத்துப் போடும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பணம் போகிற கவலை துளி இருக்காது. மாட்டினாயா மவனே என்கிற பூரிப்புதான் இருக்கும்.

நம் கதாநாயகருக்கு லிஃப்ட் பரிசோதகர் வேலை. புது லிஃப்ட் வந்தால் அதில் தாங்க வேண்டியதற்கும் மேலாக இரும்புக் கட்டிகளை அடுக்கி, ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் சான்றிதழில் கை வைப்பார். பாரம் ஏற்றிப் பார்க்காத எதையும் அவர் நம்புவதில்லை. கல்யாணமான புதிதில் வீட்டு நாற்காலிகளின் மேல் ஏறி நின்று குதித்தவர் என்று மனைவி இன்றும் சொல்வாள்.

மகளுக்கு உதவித்தொகை கிடைத்திருந்தது. கட்டணம் பிரச்சினை இல்லை. ஆனால் மற்ற செலவுக்கெல்லாம் நான் பொறுப்பு என்று அப்பா வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பினால்தான் இடம். இல்லையென்றால் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். கையெழுத்துக்கு அவர் அஞ்சவில்லை. தெரியாத ஊரில், காசு போதாமல் மகள் எங்காவது தனியாக நின்று, அதை வீட்டுக்குச் சொல்லாமலே இருந்துவிட்டால் என்பதுதான் அவர் பயம். ஆகவே அவருக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினார். மகளைப் பாரம் ஏற்றிப் பார்ப்பது.

"ஒரு வாரம் இந்த வீடுதான் பல்கலைக்கழகம்" என்று அறிவித்தார். "இந்தக் கவர்ல ஒரு வாரச் செலவுக்குப் பணம் இருக்கு. தாங்கினா கையெழுத்து."

"தாங்கலைன்னா?" என்றாள் மகள்.

"அதைத்தான் பார்க்கப்போறோம்."

துவைக்கிற மெஷின்மேல் உண்டியல் வந்தது. சாவியை மறந்தால் அபராதம். அச்சடிக்க பக்கத்துக்கு இவ்வளவு. விருந்தாளி அறையில் தங்கினால் தனி. மகளுக்குப் போர்வை மாற்றப் போன மனைவிக்குப் பராமரிப்புக் கட்டணம் போட்டார். அந்தப் போர்வையாலேயே அடி விழ இருந்தது. மூன்றாம் நாள் அவரே சாவியை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டு வந்து, வாசற்படியில் நின்று தனக்குத்தானே வாதாடி, தோற்று, அபராதம் கட்டி, ரசீதும் எழுதிக்கொண்டார். இவ்வளவு சந்தோஷமான வாரம் அவர் வாழ்க்கையில் வந்ததே இல்லை.

இதில் மகளோடு கூடப் படிக்கிற பணக்கார சிநேகிதன் வேஷம் மைத்துனருக்கு. அவர் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். நாள் முழுக்க பிரேக்கில் கால் வைத்தபடி உயிரைக் கையில் பிடித்திருப்பவருக்கு இது ஓய்வு மாதிரி இருந்தது. தினம் சாயங்காலம் கூலிங் கிளாஸோடு, தோளில் ஸ்வெட்டரை முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்து மகள் அறைக் கதவைத் தட்டுவார்.

"எல்லாரும் வெளிய சாப்பிடப் போறோம், வரியா? எங்கப்பாவோட புது ஓட்டல்."

"நேத்து படகுன்னீங்களே மாமா."

"படகுக்குள்ளதான் ஓட்டல். வரியா, இல்லையா?"

"எனக்குப் பசிக்கல."

மறுநாள் பிறந்தநாள் விருந்து. பசிக்கல. அடுத்த நாள் எல்லோரும் சேர்ந்து பனிமலைக்குப் போகிறார்கள். குளிர் ஒத்துக்காது. நாடகத்துக்கு டிக்கெட். தலைவலி. கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அப்பாவுக்கு ஒவ்வொரு ‘பசிக்கல’வும் காதில் தேனாகப் பாய்ந்தது.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கவரைப் பிரித்தார். பாதிப் பணத்துக்குமேல் அப்படியே இருந்தது. தரையில் கால் பாவவில்லை அவருக்கு. "பார்த்தியா, என் பொண்ணு! எவ்வளவு ஏத்தினாலும் கயிறு அசையல" என்று பேனாவை எடுத்தார்.

மைத்துனர் கூலிங் கிளாஸைக் கழற்றினார். "அத்தான், ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. நான் நிஜமான சிநேகிதனா இருந்தா மூணாம் நாளோட கூப்பிடறதை விட்டிருப்பேன். நீங்க சொன்னீங்களேன்னு வந்தேன்."

"அதனாலென்ன? செலவு மிச்சம்."

"நகராத லிஃப்ட் அறுந்து விழாதுதான். அதுக்கு நீங்க சான்றிதழ் கொடுப்பீங்களா?"

பேனா நின்றது.

"பசிக்கலையாம்" என்றாள் மனைவி சமையலறையிலிருந்து. "நான் ஒளிச்சு வெச்ச பிஸ்கட் டப்பாவைத் திறந்து பாருங்க. தூள்கூட இல்ல."

அப்பா மகளைப் பார்த்தார். "பசிச்சுதா?"

"நல்லாவே பசிச்சுதுப்பா."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க கையெழுத்துப் போட்டிருக்க மாட்டீங்களே."

எந்தச் செலவைப் பொந்து பொந்தாகத் தேடினாரோ, அது ஒரு வாரமாகக் கூடத்தில், அவர் காதுக்கு நேரே, தினம் சாயங்காலம் வந்து போயிருக்கிறது. அவர் அதை மிச்சம் என்று எழுதி வைத்திருந்தார்.

நாலே முக்கால். மகள் படிப்புக்கென்று போட்டு வைத்திருந்த செலவுத் திட்டத்தைப் பிரித்தார். அதில் அவருக்கு உயிரான வரி ஒன்று உண்டு: ‘எதிர்பாராதது’. மனைவி புது சோபா கேட்டபோதும் தொடாமல் காத்த வரி. அதை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, பணம் முழுவதையும் புதிதாக ஒரு வரிக்கு மாற்றினார்: ‘பசிக்குது என்று சொல்ல’. பிறகு கையெழுத்துப் போட்டார். மகள் அனுப்பிவிட்டு வந்து அவர் தோளில் சாய்ந்தாள்.

"கிளம்புங்க, வெளிய சாப்பிடலாம்" என்றார். "இப்போலேர்ந்தே சொல்லிப் பழகட்டும்."

"யார் செலவு அத்தான்? படகெல்லாம் வித்துட்டேன்."

ஓட்டலில் மகள் வாய் நிறையப் ‘பசிக்குது’ என்றாள். சர்வர் நீட்டிய அட்டையை அப்பா வாங்கினார், கண்ணாடியைத் துடைத்து மாட்டினார், ஒரு நிமிஷம் தன்னோடு போராடினார், தோற்றார். "தம்பி, வரி, சர்வீஸ் எல்லாம் சேர்த்து..."

சிரிக்கிறீர்கள். நானும் உங்களைப் போல வெளியூரில் பிள்ளையை வைத்துக்கொண்டுதான் சிரிக்கிறேன். உங்கள் பிள்ளை போன வாரம் போனில் "இங்க எல்லாம் நல்லா இருக்கு, எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்றபோது, ‘நம்ம பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது’ என்று போனை வைத்துவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டீர்களே, நினைவிருக்கிறதா? இப்போது மறுபடி கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்காதீர்கள். யாரோடு சாப்பிட்டாய் என்று கேட்டுப் பாருங்கள்.